‘கை கால் எல்லாம் கடுக்குது’: ஃபைப்ரோமயால்ஜியா வலியை இருமுறை அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு ஒன்றில் கணவருடனும் மகனுடனும் வசிக்கும் 52 வயதுப் பெண்மணி ஒருவர், பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்துடன் எங்கள் வலிச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அவர் தொடக்கப்பள்ளி ஒன்றின் சிற்றுண்டிச்சாலையில் இந்திய உணவுக் கடை நடத்துபவர். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பிற்பகல் இரண்டு மணிவரை பெரும்பாலும் நின்றபடியே வேலை செய்பவர். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை இரண்டு ஆண்டுகள் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து பார்த்துக்கொண்ட காலத்தின் கடைசி மாதங்களில் தோள்பட்டையில் தொடங்கிய வலி, மாமியார் மறைந்த பிறகும் ஓயாமல் உடல் முழுவதும் பரவி, எங்களிடம் வந்தபோது 14 மாதங்களைக் கடந்திருந்தது. அவருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை அளித்தவள் நான். இதை எழுத அவர் இசைவு தந்திருக்கிறார். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோய் அரிதானது என்பதற்காக இந்த நிகழ்வை எழுதவில்லை; உலக அளவில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது களைப்பும் தெளிவற்ற உறக்கமும் சேர்ந்துவரும் நீடித்த உடல்வலி, இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. மூன்று வார இடைவெளியில் ஒரே நோயாளியை ஒரே அளவுகோலால் இருமுறை அளந்தோம். முதல் முறை ‘இந்நோய் இல்லை’ என்றும், இரண்டாம் முறை ஐயத்துக்கு இடமில்லாமல் ‘உண்டு’ என்றும் விடை வந்தது. இடையில் மருந்து மாறவில்லை, வேலை மாறவில்லை, அவர் சொன்னபடி வலியும் மாறவில்லை. கேள்வி கேட்ட விதம் மட்டுமே மாறியது.

வேறு காரணங்களை விலக்கியது

எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும், கொழுப்புக்கு ஸ்டாட்டின் வகை மாத்திரையும் எடுத்துவருபவர் என்பதால், வலிக்கு வேறு விளக்கங்கள் பல இருந்தன. சர்க்கரை நோய் கால் நரம்புகளைத் தாக்கலாம். மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி தரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உடல்வலியும் அசதியும் வரும். ஆகவே மருத்துவர் தைராய்டு, பி12, வைட்டமின் டி, இரத்த அணுக்கள், தசை சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ஆகியவற்றைப் பார்த்தார். வைட்டமின் டி சற்றுக் குறைவு என்பதைத் தவிர எல்லாம் இயல்பு நிலையில் இருந்தன. பாதத்தில் 10 கிராம் விசை தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்த்த எல்லா இடங்களிலும் தொடுவுணர்வு இருந்தது. ஸ்டாட்டினைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்த்தும் வலி குறையவில்லை. வலது முழங்காலின் எக்ஸ்ரேயில் மட்டும் மிதமான மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. வேறொரு நோய் இருப்பதாலேயே ஃபைப்ரோமயால்ஜியாவை விலக்க வேண்டியதில்லை என்று இந்நோயைக் கண்டறியும் விதிகளின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்வதால், அந்தத் தேய்மானம் எங்கள் முடிவுக்குத் தடையாக இருக்கவில்லை.

இந்த நோயை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையோ படமோ கிடையாது. திசுவில் காயமும் நரம்பில் சேதமும் தெளிவாக இல்லாதபோதும், வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போவதால் எழும் இத்தகைய வலிக்கு அனைத்துலக வலி ஆய்வுச் சங்கம் 2017இல் ‘நோசிபிளாஸ்டிக்’ வலி என்ற தனிச் சொல்லை ஏற்றுக்கொண்டது. 2002இல் ரிச்சர்ட் கிரேஸ்லி குழுவினர் கட்டைவிரல் நகத்தில் அழுத்தம் கொடுத்தபடி மூளையைப் படமெடுத்தபோது, நோயாளிகளின் மூளையில் மெல்லிய அழுத்தம் எழுப்பிய சலனத்தைப் போன்றதை நலமானவர்களிடம் காணக் கணிசமாகக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. வலி மெய்யானது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் மருந்தகத்தில் ஒவ்வொருவரையும் அப்படி அளக்க முடியாது. நம் கையில் இருப்பவை நோயாளியின் சொல்லும், அதை எண்ணாக்கும் படிவமும்தான்.

முதல் அளவீடு

1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி வகுத்த விதிப்படி, உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை ஏறத்தாழ 4 கிலோ விசையில், அதாவது அழுத்துபவரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு, அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால் நோய் என்று கொள்வார்கள். அழுத்துபவரின் கைக்குக் கை விடை மாறியதும், களைப்பு, உறக்கம், நினைவு ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லாததும் பெருங்குறைகளாக இருந்தன. 2010இல் வந்த புதிய விதி விரலை எடுத்துவிட்டுக் கேள்வியை வைத்தது. கடந்த ஏழு நாள்களில் 19 உடற்பகுதிகளில் எத்தனையில் வலி இருந்தது என்பது 0 முதல் 19 வரையிலான பரவல் எண். களைப்பு, தூங்கியும் தெளிவின்மை, நினைவு மற்றும் கவனத் தடுமாற்றம் ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, 2016 திருத்தத்தின்படி தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவை கடந்த ஆறு மாதங்களில் இருந்தால் தலா ஒன்று சேர்ப்பது 0 முதல் 12 வரையிலான தீவிர எண். பரவல் 7உம் தீவிரம் 5உம், அல்லது பரவல் 4 முதல் 6 வரையும் தீவிரம் 9உம் எட்ட வேண்டும். உடலின் ஐந்து மண்டலங்களில் (மேலுடலின் வலம், இடம், கீழுடலின் வலம், இடம், நடுவுடல்) நான்கிலாவது வலி இருக்க வேண்டும். மூன்று மாதங்களாவது இந்நிலை நீடித்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் எங்களிடம் இருந்தது ஆங்கிலப் படிவம். அவர் தமிழில் நன்றாகப் படிப்பார். ஆங்கிலத்தில் கடைப் பேச்சு அளவுக்குத்தான் பேசுவார். உடன் வந்த 22 வயது மகன் மொழிபெயர்த்தார். அன்று பரவல் எண் 5: கழுத்து, இரு தோள்பட்டைகள், கீழ்முதுகு, வலது கீழ்க்கால். தீவிர எண் 4: களைப்பு, உறக்கம், நினைவு மூன்றுக்கும் தலா ஒன்று, தலைவலிக்கு ஒன்று. வலியின் அளவு 0 முதல் 10க்குள் 5. நோய்க்குரிய விதியை இது நெருங்கவில்லை. ‘மன எரிச்சல் உள்ளது’ என்றும் கோப்பில் ஒரு குறிப்பு இருந்தது.

அந்தக் குறிப்புதான் என்னை நிறுத்தியது. முதல் உடற்பயிற்சி வகுப்பில் நான் தமிழில் பேசத் தொடங்கியதும், “கை கால் எல்லாம் கடுக்குது தங்கச்சி, ராத்திரி பூரா கடுப்பு” என்றார். இங்கே பள்ளி முடித்த இளையர்களுக்குக் ‘கடுப்பு’ என்றால் எரிச்சல், கோபம். நின்று நின்று கால் கடுப்பது என்ற பழைய பொருள் அவர்கள் காதில் விழுவதில்லை. மகன் தாயின் சொல்லைத் தவறாமல்தான் மொழிபெயர்த்தார். தாம் அறிந்த பொருளில் மொழிபெயர்த்தார். ஒரு தாயின் கால்வலி கோப்பில் அவருடைய குணமாகப் பதிவாகிவிட்டது. அந்தப் படிவத்தை ஏற்றுக் கையெழுத்திட்ட குழுவில் நானும் ஒருத்தி என்பதால், இந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் அளவீடு

மூன்று வாரங்களுக்குப் பிறகு, தமிழ் பேசும் தாதி ஒருவரும் நானும் தனித்தனியே தமிழாக்கி ஒப்பிட்டுச் சரிசெய்த கேள்விகளை வைத்துக்கொண்டு, மகன் வெளியே காத்திருக்க, மீண்டும் அளந்தோம். முறையான மறுமொழிபெயர்ப்புச் சோதனை எதுவும் எங்கள் தமிழாக்கத்துக்கு நடக்கவில்லை; ஆகவே அதில் கிடைத்த எண்களை வேறு நாட்டு நோயாளிகளின் எண்களோடு ஒப்பிட முடியாது. இந்த ஒருவரை அவரோடு ஒப்பிட மட்டுமே அவை பயன்படும் என்பதை முதலிலேயே கோப்பில் எழுதிவைத்தோம்.

உடற்பகுதிகளின் பெயர்களிலேயே சிக்கல் தொடங்குகிறது. தமிழில் ‘கை’ என்பது தோளுக்குக் கீழே விரல்நுனி வரை முழுவதும். ‘கால்’ தொடையிலிருந்து பாதம் வரை முழுவதும். படிவமோ மேற்கை, முன்கை, தொடை, கீழ்க்கால் என்று பிரித்து, வலம் இடம் என்று தனித்தனியாக எண்ணுகிறது. மேலும் உள்ளங்கை, விரல்கள், பாதம், முழங்கால் மூட்டு ஆகியவை அந்த 19இல் தனிப் பகுதிகளாக இல்லை. ‘கை வலி’ என்று ஒருவர் சொன்னால் அது எதுவுமில்லாததாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். முதல் சந்திப்பில் ‘கை’ என்றபோது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மணிக்கட்டைத் தொட்டுக் காட்ட, அது பட்டியலில் இல்லை என்று விடப்பட்டது. ‘இடுப்பு’ இன்னும் கடினம். நாம் இடுப்பு வலி என்பது சில வேளை கீழ்முதுகு, சில வேளை இடுப்பெலும்பும் புட்டமும் சேர்ந்த பக்கவாட்டுப் பகுதி. படிவத்தில் முன்னது ஒரு புள்ளி, பின்னது இரு பக்கத்துக்கும் இரண்டு புள்ளி. பிரசவித்த, சுமை தூக்கிய பெண்கள் ‘இடுப்பு’ என்று சொல்லும்போது இவ்விரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள் என்பது என் அனுபவம்.

எனவே பெயர்களை விட்டுவிட்டு, உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த தாளைக் கொடுத்து, கடந்த ஏழு நாள்களில் வலித்த இடங்களைப் பென்சிலால் நிழலிடச் சொன்னோம். பிறகு ஒவ்வோர் இடத்தையும் அவர் தம் கையாலேயே தொட்டுக் காட்டினார். கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, இரு தோள்பட்டைகள், இரு மேற்கைகள், இரு முன்கைகள், இரு இடுப்புப் பக்கங்கள், இரு கீழ்க்கால்கள் என 13 பகுதிகள். ஐந்து மண்டலங்களிலும் வலி இருந்தது.

உறக்கத்தைப் பற்றி முதல் முறை “தூக்கம் வருதா?” என்று கேட்டிருந்தார்கள். “வருது” என்றார், அது உண்மை, படுத்ததும் உறங்கிவிடுகிறார். படிவம் கேட்பது அதையன்று, எழும்போது உடல் தெளிந்திருக்கிறதா என்பதை. “விடியக்காலையில எப்படி எழுந்திருக்கிறீங்க அக்கா?” என்று கேட்டபோது, “அடிச்சுப் போட்ட மாதிரி” என்றார். 1 ஆக இருந்த மதிப்பு 3 ஆனது. மாமியாரைப் பார்க்க விழித்த அதே நேரங்களில் இன்னமும் விழிப்பு வருகிறது என்பதையும் அப்போதுதான் சொன்னார். ஆழ்ந்த உறக்கத்தைக் குலைத்தால் நலமானவர்களுக்கும் தசைவலி தோன்றுவதைக் கனடாவின் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி 1970களிலேயே காட்டியிருக்கிறார். எனவே இந்தத் தகவல் சிகிச்சைக்கு நேரடியாகப் பயன்பட்டது.

களைப்பைக் கேட்கும் கேள்வியில் ‘சோர்வு’ என்று எழுதியிருந்தோம். அதை அவர் மனச்சோர்வாகவே எடுத்துக்கொண்டு மறுத்தார். ‘அசதி’ என்று மாற்றியதும், பகல் பதினொரு மணிக்கே கை ஓய்ந்துபோவதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். மதிப்பு 2. நினைவைப் பற்றிக் கேட்டதற்கு, பிள்ளைகளுக்கு மீதிச் சில்லறை கொடுக்கும்போது கணக்குத் தப்புகிறது என்றும், வாய்க்கு வந்த சொல் நழுவுகிறது என்றும் சொன்னார், 2. தலைவலி ஒன்று, மகன் முன்னால் சொல்லத் தயங்கிய அடிவயிற்று வலி ஒன்று. தீவிர எண் 9, இரண்டையும் கூட்டினால் 31க்கு 22. முதல் முறை அதே கூட்டுத்தொகை 9ஆக இருந்தது.

மனச்சோர்வுக்கான ஒரு புள்ளியைச் சேர்க்கவில்லை. அதற்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் அவர் 27க்கு 7 பெற்றார். அதில் 6 புள்ளிகள் உறக்கம், அசதி, கவனம் பற்றிய கேள்விகளிலிருந்தே வந்தவை. ஒரே அறிகுறியை இரண்டு படிவங்களில் இரண்டு நோய்களாக எண்ணிவிடும் ஆபத்து இங்கே பெரிது. வலியோடு வரும் பெண்ணை ‘மனசுதான் காரணம்’ என்று அனுப்பிவைக்கும் வழக்கத்துக்கு இத்தகைய எண்கள் துணைபோகக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

பத்து என்பது எது?

வலியின் அளவில் 5 என்று முதலில் பதிவானதன் பின்னணியும் தெரிந்தது. “பரவாயில்லை” என்று அவர் சொன்னதை மகன் நடுவிலுள்ள எண்ணாக்கியிருந்தார். நான் பத்து என்றால் என்ன என்று விளக்கியபோது, “பிள்ளை பெத்த வலிதானே பத்து? அப்படின்னா இது தெனமும் நாலு, மோசமான நாள்ல ஆறு” என்றார். ‘கற்பனைக்கு எட்டிய மிகக் கொடிய வலி’ என்று படிவம் சொல்லும் உச்சியில், அவர் தாம் பட்ட பிரசவ வலியை வைத்திருக்கிறார். அதே கடுமையை இன்னொருவர் எட்டு என்று சொல்லக்கூடும். நாங்கள் அவருடைய உச்சியை மாற்ற முயலவில்லை; ‘10 = பிரசவ வலி’ என்று கோப்பில் எழுதி, இனி எப்போதும் அதே ஏணியில்தான் அளப்பது என்று முடிவுசெய்தோம்.

ஒருநாள் கேட்டு எழுதும் எண்ணும் போதவில்லை. நினைவிலுள்ள வலி உச்சத்தையும் கடைசிக் கட்டத்தையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது என்று ரெடெல்மையரும் கானமனும் 1996இல் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் கண்டனர். அதனால் 14 நாள்களுக்குக் காலை, மதியம், இரவு என மூன்று எண்களைக் குறிக்கச் சொன்னோம். கைப்பேசிச் செயலி வேண்டாமென்று, மளிகைக்கடையில் கொடுத்த நாள்காட்டியின் கட்டங்களிலேயே எழுதிக்கொண்டு வந்தார். ஒரு வேளைகூட விடுபடவில்லை. 42 எண்களின் சராசரி 4.6. பதினான்காம் நாள், நாள்காட்டியைப் பார்க்காமல் இரண்டு வாரங்களை நினைத்துச் சொல்லக் கேட்டபோது 6 என்றார். முந்தைய நாள் குளிர்சாதன அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததில் வலி ஏறியிருந்தது.

அன்றாட வாழ்வில் நோயின் சுமையை அளக்க, 2009இல் திருத்தப்பட்ட ஃபைப்ரோமயால்ஜியா தாக்க வினாப்படிவத்தைப் பயன்படுத்தினோம். அதில் 21 கேள்விகள், மொத்தம் 100 புள்ளிகள்; எண் கூடக்கூடச் சுமையும் கூடுதல். அவருக்குச் செயல்பாட்டில் 21, ஒட்டுமொத்தத் தாக்கத்தில் 15, அறிகுறிகளில் 33 என 69 வந்தது. முதல் கேள்வி தலைவாருவதைப் பற்றியது. சிரமமே இல்லை என்பதுபோல் 1 கொடுத்தார். காரணம் கேட்டேன். இடுப்புவரை இருந்த முடியைச் சென்ற ஆண்டு கழுத்தளவுக்கு வெட்டிவிட்டதாகவும், கையைத் தூக்கிப் பின்ன முடியாததால்தான் வெட்டியதாகவும் சொன்னார். படிவத்தின் விதிப்படி 1தான் சரி. குட்டை முடியை வாருவது அவருக்கு எளிது. நான் எண்ணைத் திருத்தவில்லை. பக்கத்தில் காரணத்தை எழுதினேன். நோய்க்கு ஏற்ப வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டவர்கள் குறைவான எண் பெறுவது இந்தப் படிவத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை.

சிகிச்சையும் தொடர் அளவீடும்

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2016ஆம் ஆண்டுத் திருத்தப் பரிந்துரைகளில் வலுவான ஆதரவு பெற்ற ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. மாலையில் பூங்கா இணைப்புப் பாதையில் எட்டு நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடங்கள் கூட்டினோம். வாரம் இருமுறை பொது நீச்சல் குளத்தில் இடுப்பளவு நீரில் பயிற்சி. வலிக்கும் உறக்கத்துக்கும் குறைந்த அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை மருத்துவர் இரவில் 10 மில்லிகிராம் கொடுத்தார். அவருக்கு நோயை விளக்கியதற்கும் மகனை அழைத்துக் ‘கடுப்பு’ என்ற சொல்லை விளக்கியதற்கும் ஒரு முழு வகுப்பு செலவானது; அதை வீணென்று நான் நினைக்கவில்லை.

நான்காம் வாரத்தில் முதலில் மாறியது உறக்கம்: காலைத் தெளிவின்மை 3லிருந்து 2 ஆனது. வலி அசையவில்லை. ஏழாம் வாரத்தில் சராசரி 5.4க்கு ஏறியது, தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு நான்கு இரவுகள் அடுப்படியில் நின்றிருக்கிறார். அந்த ஒரு வாரத்தை மட்டும் அளந்திருந்தால் சிகிச்சை தோற்றது என்றே எழுதியிருப்போம். பன்னிரண்டாம் வாரத்தில் இரு வாரச் சராசரி 3.2. வலிக்கான எண்ணளவுகோலில் ஏறத்தாழ 2 புள்ளி அல்லது 30 சதவீதக் குறைவை நோயாளி உணரத்தக்க மாற்றம் என்று ஃபரார் குழுவினர் 2001இல் வகுத்தனர். இவருக்குக் குறைந்தது 1.4 புள்ளி; சதவீதத்திலோ 30. பிரசவ வலியை உச்சியில் வைத்துத் தாழ்வான எண்ணில் தொடங்கியவருக்குப் புள்ளிக் கணக்கு அநீதி செய்யும் என்பதால் சதவீதத்தையே எடுத்துக்கொண்டேன். தாக்க வினாப்படிவம் 69லிருந்து 51க்கு இறங்கியது, 26 சதவீதம். அதன் மூல வடிவத்துக்கு 14 சதவீதமே பொருளுள்ள மாற்றம் எனப்படுகிறது. ஆறு நிமிட நடையில் 338 மீட்டர் 392 ஆனது. பரவல் 10, தீவிரம் 7. விதிப்படி நோய் இன்னும் இருக்கிறது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம்.

பலதுறை மருந்தகத்துக்கு எழுதிய கடிதத்தில் எண்களோடு, அவை எந்த மொழியில், யார் முன்னிலையில் கேட்கப்பட்டவை என்பதையும், அவருடைய 10 எது என்பதையும் சேர்த்தோம். ‘மன எரிச்சல்’ என்ற பழைய குறிப்புக்குத் திருத்தமும் அதில் போனது.

இருபத்து நான்காம் வாரச் சந்திப்புக்கு வந்தபோது முடி தோளைத் தாண்டி வளர்ந்திருந்தது. வீட்டிலேயே எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்வதாகச் சொன்னார். தலைவாரும் கேள்விக்கு அன்று 4 கொடுத்தார். படிவத்தின் கணக்கில் அது முன்பிருந்த 1ஐவிட மோசம். அந்த எண்ணையும் திருத்தாமல், முதல் குறிப்புக்கு நேர் கீழே, ‘மீண்டும் பின்னத் தொடங்கியிருக்கிறார்’ என்று எழுதினேன்.